கார்த்திகை பிறந்தால் சொறியத் தொடங்கும் ஜூலி

கும்பகோணம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். நாய்க்கும் பெயரை மாற்றி ஜூலி என்று வைத்திருக்கிறேன்.

ஜூலி நாலரை வயது லேப்ரடார், பெண் நாய், கருத்தடை ஆகிவிட்டது. குட்டியிலிருந்து வீட்டுக்குள்தான் வளர்ப்பு. இரண்டு வயது வரை ஒரு தொந்தரவும் இல்லை. அதற்குப் பிறகு மூன்று மழைக்காலமாக ஒரே கதை. தீபாவளி கழிந்து அடைமழை பிடித்ததும் முன்னங்கால்களை நக்க ஆரம்பிக்கிறது. பிறகு காது, அக்குள், அடிவயிறு. ராத்திரியில் சொறியும்போது பின்னங்கால் தரையில் இடிக்கும் டொக் டொக் சத்தத்தில் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. மாசிக் கடைசியில் தானாக அடங்கிவிடுகிறது. முதல் வருடம் ஒரு ஊசியில் நின்றது. போன வருடம் இரண்டு. இந்த வருடம் பொங்கலுக்குள் மூன்று. ஊசி போட்ட வாரம் வைக்கிற தண்ணீரையெல்லாம் குடித்துத் தீர்த்துவிட்டு, கூடத்திலேயே சிறுநீர் போய்விடுகிறது.

இதற்கிடையில் வீட்டு வைத்தியமும் நடந்திருக்கிறது. ‘சூடு’ என்று கோழிக்கறியை நிறுத்தித் தயிர்சாதத்துக்கு மாற்றியது, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசியது, தேங்காயெண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தடவியது, மகனுக்கு வாங்கிய செட்ரிசின் மாத்திரையில் பாதி கொடுத்தது. மகனுக்கு வீசிங் இருப்பதால் மாமியார், “சொறி பிடித்த நாயைப் பிள்ளைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாயே, எங்காவது கொண்டுபோய் விட்டுவிடு” என்கிறாராம். இது சூடா, ஒட்டுமா, ஊசியைத் தொடரலாமா, நிரந்தரமாகக் குணமாகுமா என்று நான்கு கேள்விகள். கடைசி வரியில், “நாங்கள்தான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையோ என்று மனசு உறுத்துகிறது” என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, அந்தக் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எந்த மாதம் தொடங்குகிறது, உடம்பில் எந்த இடத்தில் தொடங்குகிறது, எந்த மாதம் அடங்குகிறது என்று மூன்று வருடத்துக்கும் எழுதியிருக்கிறீர்களே, கால்நடை மருத்துவரான என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இது சொல்லத் தெரியாது. “ரொம்ப நாளா சொறியுது சார்” என்பதோடு முடித்துக்கொள்வார்கள். ஜூலியின் நோயைப் பற்றி இப்போதைக்கு எனக்குக் கிடைத்த மிகப் பெரிய துப்பு, உங்கள் கடிதத்தில் இருக்கும் அந்தத் தமிழ் மாதங்கள்தான்.

கோழிக்கறிக்கும் கார்த்திகைக்கும் என்ன சம்பந்தம்?

‘சூடு’ என்று நம் வீடுகளில் சொல்வதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஜூலி அதே கோழிக்கறியைச் சித்திரையிலும் ஆடியிலும் சாப்பிட்டது. சூடுதான் காரணமென்றால் கத்திரி வெயிலில் அல்லவா சொறிந்திருக்க வேண்டும்? வெயிலில் சும்மா இருந்துவிட்டு, மழையும் ஈரமுமாக ஊர் நனையும்போது சொறிகிறது என்றால் சட்டியைச் சந்தேகப்படுவதைவிட காற்றையும் படுக்கையையும் சந்தேகப்படுவதுதான் நியாயம். நாய்களுக்கு உணவு ஒவ்வாமை உண்டு. பால், மாட்டிறைச்சி, கோழி, கோதுமை எல்லாமே அந்தப் பட்டியலில் வரும். ஆனால் அதே சாப்பாடு தொடர்கிறவரை உணவு ஒவ்வாமை வருடம் முழுக்கத் தொந்தரவு செய்யும்; மாசியில் விடைபெற்றுக்கொண்டு போகாது. தயிர்சாதத்துக்கு மாற்றியதில் அரிப்பு குறையவில்லை, ஜூலிக்கு வேண்டிய புரதம்தான் குறைந்திருக்கிறது. பழைய சாப்பாட்டுக்கே திரும்புங்கள்.

நமக்குத் தூசியோ மகரந்தமோ ஒத்துக்கொள்ளாவிட்டால் தும்முவோம், மூக்கு ஒழுகும். நாய் பெரும்பாலும் தும்முவதில்லை, சொறியும். ஒவ்வாமைப் பொருள் அதன் தோல் வழியாகவே உள்ளே போகிறது. பிறவியிலேயே தோலின் காப்பு கொஞ்சம் பலவீனமாக அமைந்த நாய்களுக்கு இந்தத் தோல் ஒவ்வாமை வரும். லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பக், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற இனங்களில் அதிகம். முதல் அறிகுறி பொதுவாக 6 மாதத்துக்கும் 3 வயதுக்கும் இடையில் தெரியும். ஜூலிக்கு இரண்டு வயது கடந்ததும் வந்திருக்கிறது, அதுவும் பொருந்துகிறது.

காலை நக்குவதைச் ‘சுத்தம் பண்ணிக்கிறது’ என்று முதல் வருடம் விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஜூலியின் முன்னங்கால் விரல்களை விரித்து, இடையிலுள்ள முடியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வெளிர் நிற லேப்ரடார் என்றால் அந்த முடி துருப்பிடித்த ஆணி மாதிரி செம்பழுப்பாக இருக்கும். அது அழுக்கும் இல்லை, ரத்தமும் இல்லை. எச்சிலில் உள்ள ஒரு நிறமி, நக்கி நக்கி முடியில் ஏறிய கறை. சோப்புப் போட்டாலும் போகாது. நாங்கள் பார்க்காத நேரத்தில் நாய் எவ்வளவு நக்கியிருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

உங்கள் பகுதியில் அந்த மாதங்களில் என்ன நடக்கிறது? வடகிழக்குப் பருவமழை. சன்னல்களைச் சாத்திவிடுகிறோம். மெத்தை, சாக்கு, கால்மிதி எதுவும் காய்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள் தண்ணீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தை உடம்பால் உறிஞ்சி வாழ்கிறவை. கோடையில் வற்றிக் கிடந்தவை மழைக்காலத்தில் பெருகிவிடுகின்றன. சுவரில் பூஞ்சணம் பூக்கிறது. வெளியே மழைக்குத் தழைத்த அருகம்புல்லும் பார்த்தீனியமும் பூக்கின்றன. தையில் அறுவடை, வைக்கோல் தூசி. இவற்றில் ஜூலிக்கு எது ஆகவில்லை என்று ஒரு கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. பல நாய்களுக்கு ஒன்றுக்கு மேல் இருக்கும். மாசிப் பங்குனி வெயிலில் வீடு காய்ந்ததும் அடங்கிவிடுகிறது என்பதால் என் சந்தேகம் முதலில் படுக்கைமேல் போகிறது. ஜூலி எதில் படுக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பழைய மெத்தையா, சாக்கா?

வேறு எதுவாகவும் இருக்க முடியாதா?

இருக்கலாம். ஒவ்வாமையை ஒரே பரிசோதனையில் உறுதிசெய்ய முடியாது. மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுத்தான் அதற்கு வர வேண்டும். “ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்” என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். அந்த ரத்தப் பரிசோதனை ஒவ்வாமை இருக்கிறதா என்று தீர்மானிக்க உதவாது. இருக்கிறது என்று முடிவான பிறகு, எந்தப் பொருளுக்கு உடம்பைப் பழக்கும் தடுப்பு ஊசித் தொடர் கொடுக்கலாம் என்று தேர்ந்தெடுக்கத்தான் அது. உணவு ஒவ்வாமைக்கோ அதை நம்பவே முடியாது.

முதலில் தள்ள வேண்டியது தெள்ளுப்பூச்சியும் உண்ணியும். தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை என்றால் வாலடியிலும் இடுப்புக்கு மேலும் கடித்துக்கொள்ளும். ஜூலிக்கு அங்கே ஒன்றுமில்லை என்கிறீர்கள், நல்லது. இருந்தாலும் ஒரு சின்னச் சோதனை: வெள்ளைத் தாளை நனைத்துக் கீழே வைத்து, வாலடி முடியைப் பேன் சீப்பால் வாருங்கள். விழும் கறுப்புத் துகள் ஈரத்தில் கரைந்து செந்நிறமாகப் பரவினால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு, அதாவது ஜூலியின் செரித்த ரத்தம். பரவாமல் அப்படியே கிடந்தால் மண். ஒன்றுமே விழாவிட்டாலும் மழைக்காலம் முழுக்கப் பூச்சித் தடுப்பு மருந்து விட்டுப்போகக் கூடாது. வாயில் கொடுக்கும் மாத்திரைகளில் மாதம் ஒன்று போதுமானவையும், சுமார் 12 வாரம் தாங்குபவையும் உண்டு. எப்போதாவது வலிப்பு வந்த நாய் என்றால் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த வகை மாத்திரைகளில் அது முக்கியம்.

அடுத்தது சிரங்கு. காது மடலின் விளிம்பு, முழங்கை, குதிகால் ஆகிய இடங்களில் பொருக்குக் கட்டும், வீட்டு மனிதர்களுக்கும் அரிக்கும். ஜூலிக்கு விளிம்பில் ஒன்றுமில்லை, உள்காதுதான் சிவந்திருக்கிறது என்பதாலும், மூன்று வருடத்தில் உங்களில் யாருக்கும் அரிக்கவில்லை என்பதாலும் அது இருக்க வாய்ப்புக் குறைவு. மருத்துவர் தோலைச் சுரண்டிப் பார்த்துவிட்டால் முடிந்தது.

நான் அதிகம் கவலைப்படுவது மூன்றாவதைப் பற்றி. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி: “காதில் புளித்த மாவு வாடை அடிக்கிறது.” அது ஈஸ்ட் கிருமியின் வாடை. ஒவ்வாமையால் சிவந்து ஈரமாகிக் கிடக்கும் தோலில் அது குடியேறி, தன் பங்குக்குத் தனியாக அரிப்பை உண்டாக்கும். செல்லோ டேப்பைத் தோலில் ஒட்டி எடுத்துச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் இரட்டைப் பருப்பு வேர்க்கடலை மாதிரி வரிசையாகத் தெரியும். பத்து நிமிட வேலை. முதல் வருடம் ஒரு ஊசியில் நின்றது இந்த வருடம் மூன்றிலும் நிற்காததற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். ஊசி ஒவ்வாமையைத்தான் அடக்கும், கிருமியைத் தொடாது. கிருமிக்கு அது சாதகம்கூட.

அந்த ஊசி

அளவுக்கு மீறிய தாகம், அடக்க முடியாத சிறுநீர், பசி. இந்த மூன்றும் சேர்ந்தால் அது பெரும்பாலும் ஸ்டீராய்டு, அதுவும் வாரக்கணக்கில் உடம்பில் தங்குகிற வகை. உங்கள் மருத்துவர் தவறு செய்தார் என்று நான் சொல்லவில்லை. தூக்கமில்லாமல் தன்னையே கிழித்துக்கொள்ளும் நாய்க்கு ஸ்டீராய்டு வேகமான, மலிவான, சில சமயம் அவசியமான மருந்து. எனக்கு வருத்தம், அது தொடர்கதையாவதில்தான்.

இதைச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பொமரேனியனுக்கு மாதம் ஒன்று என்று நானே போட்டேன். வீட்டுக்காரர்களுக்குச் சந்தோஷம், எனக்கும் கைராசிக்காரர் என்று பேர். ஒன்றரை வருடத்தில் அதன் வயிறு பானையாகத் தொங்கி, முதுகில் முடி உதிர்ந்து, தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிட்டது. அரிப்பு அந்த நாயுடன் பிறந்தது. இந்த நோய் நான் கொடுத்தது. சர்க்கரை நோய், அடிக்கடி தோல் புண், சிறுநீர்த் தொற்று என்று நீண்ட நாள் ஸ்டீராய்டு வேறு கணக்குகளையும் வைத்திருக்கிறது. அதற்காகப் பயந்து, மாத்திரையாகக் கொடுத்துவரும் ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அடுத்த முறை ஊசி போடும்போது மருந்தின் பெயர், அளவு, தேதி மூன்றையும் ஜூலியின் தடுப்பூசி அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, உங்கள் உரிமை. வேறு ஊரில் வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால் அந்த ஒரு வரி ஜூலியைக் காப்பாற்றும்.

மாற்று உண்டா என்றால் உண்டு. ஒக்லாசிட்டினிப் என்ற மாத்திரை அரிப்புச் செய்தி நரம்புக்குப் போவதைத் தடுக்கிறது. ஒரு நாளுக்குள் வித்தியாசம் தெரியும், தாகமும் சிறுநீரும் ஸ்டீராய்டு போல ஏறுவதில்லை. அமெரிக்காவில் 2013இல் அனுமதி பெற்ற மருந்து. ஒரு வயதுக்குட்பட்ட நாய்க்கும், கடுமையான தொற்று உள்ள நாய்க்கும் கூடாது. விலை கூடுதல், லேப்ரடார் எடைக்கு மாதச் செலவு கையைக் கடிக்கும். ஆனால் ஜூலிக்குத் தேவை நாலு மாதம்தானே, வருடம் முழுக்க இல்லையே. சைக்ளோஸ்போரின் இன்னொரு வழி, பலன் தெரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஒவ்வாமைப் பொருளையே சிறிது சிறிதாகச் செலுத்திப் பழக்கும் தடுப்பு ஊசித் தொடர் ஒன்றுதான் நோயின் போக்கையே மாற்றக்கூடியது. எல்லா நாய்க்கும் கேட்காது, பலன் தெரிய ஒரு வருடம்கூட ஆகலாம். பருவத்தில் மட்டும் தொந்தரவு வரும் நாய்க்கு அதைத் தொடங்கச் சொல்ல எனக்குத் தயக்கம். ஜூலியின் பருவம் வருடா வருடம் நீண்டுகொண்டே போனால் அப்போது யோசிக்கலாம்.

செட்ரிசின் பற்றி: தனியாகக் கொடுத்தால் பெரிதாக ஒன்றும் செய்யாது, பெரிய கெடுதலும் இல்லை. ஆபத்து எங்கே என்றால், மருந்துக்கடையில் ‘அலர்ஜி மாத்திரை’ என்று கேட்டால் சளி மாத்திரையைத் தந்துவிடுவார்கள். அதில் பாராசிட்டமாலும் மூக்கடைப்பு மருந்தும் சேர்ந்திருக்கும். நாய்க்கு அவை விஷமாகலாம். கற்பூர எண்ணெயை இன்றோடு நிறுத்துங்கள். பூசியதை நாய் நக்கும், வயிற்றுக்குள் போன கற்பூரம் வலிப்பு வரை கொண்டுபோகும். டெட்டாலும் வேண்டாம். லாரி பட்டறையின் வேஸ்ட் ஆயில் நல்லது என்று யாராவது யோசனை சொன்னால் அவரிடமிருந்து ஜூலியைத் தள்ளி வையுங்கள். அப்படிப் பூசிய ஒரு ராஜபாளையம் நாயின் வெந்த தோலை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது, இந்தத் தையில்

தோலில் ஈஸ்டோ பாக்டீரியாவோ இருப்பது உறுதியானால் குளோர்ஹெக்சிடின், மைக்கோனசோல் கலந்த நாய் ஷாம்பூவால் வாரம் இரண்டு முறை குளிப்பாட்டச் சொல்வார்கள். நுரைத்த பிறகு பத்து நிமிடம் ஊற வேண்டும், அதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். இரண்டு சினிமாப் பாட்டு முழுதாகப் பாடி முடியும் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் உங்களுக்கும் பொறுமை போகும், அதற்கும் போகும். வெந்நீர் வேண்டாம், சூடு அரிப்பைக் கூட்டும். நம் சோப்பும் ஷாம்பூவும் நாய்த் தோலின் தன்மைக்குச் சேராதவை. குளித்த பிறகு விரலிடுக்கு, அக்குள், காது மடலின் உட்புறம் மூன்றையும் ஈரம் போகத் துவட்டுங்கள்.

வெளியே போய்வந்ததும் நாலு கால்களையும் அடிவயிற்றையும் ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்த்துங்கள். படுக்கைக்குப் பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்துப் போடுங்கள். வாரம் ஒரு முறை கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் ஊறவைத்துத் துவைக்க அதைவிட வசதியான மெத்தை கிடையாது. தூசி உண்ணி சாக 60 டிகிரிச் சூடு வேண்டும், பச்சைத் தண்ணீரில் அலசினால் குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். முடியை மழிக்க வேண்டாம். தோலுக்கு இருக்கிற ஒரே மறைப்பும் போய்விடும்.

காதில் எண்ணெயோ ஹைட்ரஜன் பெராக்சைடோ ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எந்தச் சொட்டு மருந்தும். தலையை ஓயாமல் உதறி, காது மடல் திடீரென்று பஞ்சுத் தலையணை மாதிரி வீங்கினால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது. அன்றைக்கே காட்ட வேண்டும்.

மாமியாரிடம் என்ன சொல்வது?

ஜூலியின் ஒவ்வாமை பையனுக்கு ஒட்டாது. எனக்கு வேர்க்கடலை ஆகாது என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஆகாமல் போகுமா, அது போலத்தான். தோல் நோய்களில் ஒட்டுபவை சிரங்கும் படர்தாமரையும். அவை இரண்டும் இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொன்னால் அந்தப் பயத்தை விடலாம்.

ஆனால் மாமியாரின் கவலையை முழுக்கத் தள்ளிவிடவும் மாட்டேன். சில குழந்தைகளுக்கு நாயின் செதிலே வீசிங்கைத் தூண்டும். அது ஜூலி சொறிகிறதா இல்லையா என்பதைப் பொறுத்ததல்ல, ஜூலி கொழுகொழுவென்று நலமாக இருந்தாலும் நடக்கும். அதைத் தீர்மானிக்க வேண்டியவர் குழந்தையின் மருத்துவர். ஒன்றைக் கவனித்து அவரிடம் சொல்லுங்கள்: பையனுக்கும் ஜூலிக்கும் ஒரே மாதத்தில்தான் கூடுகிறதா? அப்படியென்றால் இருவரையும் வாட்டுவது அதே ஈரப் படுக்கையும் தூசி உண்ணியுமாக இருக்கலாம். நாயைப் பையனின் கட்டிலில் ஏற்றாமல் இருப்பது இரண்டு பேருக்கும் நல்லது.

‘எங்காவது விட்டுவிடுவது’ மட்டும் வேண்டாம். பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும், வீட்டுக்குள் வளர்ந்த லேப்ரடார் தெருவில் ஒரு வாரம் தாங்காது. குழந்தையின் மருத்துவர் கட்டாயம் பிரிக்க வேண்டும் என்று சொன்னால், தெரிந்த வீடாகப் பார்த்து, நோயை மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள்.

அடுத்த ஐப்பசி

உங்கள் நான்காவது கேள்விக்கு நேரான பதில்: நிரந்தரமாகக் குணமாகாது. ஆஸ்துமா மாதிரி, கட்டுக்குள் வைத்திருக்கலாம். ஆனால் உங்கள் கையில் காலண்டர் இருக்கிறது. இதுவரை ஜூலி சொறிந்த பிறகு ஓடியிருக்கிறீர்கள். இனி ஐப்பசி பிறக்கும்போதே தொடங்குங்கள். அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே மருத்துவரைக் கேட்டு மீன் எண்ணெய் கொடுத்து வந்தால் தோலுக்குக் கொஞ்சம் பலம் வரும். உடனே பலன் எதிர்பார்க்கும் மருந்தல்ல அது. ஐப்பசி முதல் வாரம் தெள்ளுப்பூச்சித் தடுப்பு மாத்திரை, படுக்கை மாற்றம், வாரக் குளியல். முதல் நக்கலைப் பார்த்ததும், காது நாறும் வரை காத்திருக்காமல், மருத்துவரிடம் ஒரு நடை. காலண்டரிலேயே தினமும் அரிப்புக்குப் பத்துக்கு எத்தனை என்று ஒரு எண்ணைக் குறித்து வாருங்கள். ராத்திரி தூங்கவிடாத அரிப்பென்றால் எட்டு, எப்போதாவது ஒரு சொறி என்றால் இரண்டு. எந்த மருந்து உண்மையில் வேலை செய்தது என்பது அதில் தெரிந்துவிடும்.

உங்களுக்கு ஒரத்தநாடு தூரமில்லை. அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒரு முறை காட்டிவிட்டு வாருங்கள். போவதற்கு முன் மூன்று நாள் ஜூலியைக் குளிப்பாட்ட வேண்டாம், காதையும் துடைக்க வேண்டாம். அழுக்காக இருக்கிறதே என்று கூச்சமாக இருக்கும், இருக்கட்டும். மருத்துவருக்கு வேண்டியதே அந்த அழுக்குதான். கடைசி ஊசி போட்ட தேதியை மறக்காமல் சொல்லுங்கள்.